பின்குறியைத் தொடாதே

காலிட்டன், பென்சில்வேனியா
ஆகஸ்ட் 12, 1991

அன்புள்ள மெர்ல் அண்ணனுக்கு,

அரிசோனாவின் வறண்ட காற்றில் உங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். வெர்னா அண்ணி அனுப்பிய கள்ளிப்பழ ஜாம் பாதி தீர்ந்துவிட்டது. அவர்களிடம் சொல்லுங்கள்.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். போன டிசம்பர் 28 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். வலப்பக்கம் பார்த்து நின்ற பெண்மான், நாற்பது கெஜம். தோளுக்குப் பின்னால் குறிவைத்தேன். பனியில் கிடந்தது முதுகு மயிர். குண்டு இடுப்புக்கு மேலே எங்கோ பட்டிருக்கிறது. இருட்டும்வரை இரத்தத்தைத் தொடர்ந்தோம், மறுநாள் முழுவதும் தேடினோம், கிடைக்கவில்லை. குறி தவறியவனுக்குச் செய்யும் வழக்கப்படி, குடில் தோழன் லாய்ட் என் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயரும் தேதியும் எழுதி, வேட்டைக் குடிலின் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். குறி தவறிய என் வால்கள் அங்கே ஒன்பது இருக்கின்றன. பதினைந்து பருவம் சுட்ட உங்களுடையது ஒன்றுகூட இல்லை.

வாலைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த மான் எங்கே போய் விழுந்தது, எத்தனை நாள் கழித்து விழுந்தது என்பதுதான். ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஐம்பது கெஜத்தில் ஒரு காகிதத் தட்டு. தொடர்ந்து ஐந்து குண்டும் அதற்குள் விழவேண்டும். கிறிஸ்துமஸுக்குள் அது முடியாவிட்டால் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடுவேன், பிறகு எடுக்கமாட்டேன்.

நேற்று பதினைந்து முறை சுட்டேன். தட்டுக்குள் இரண்டு. மற்றவை ஆலங்கட்டி விழுந்த கூரைபோல எங்கெங்கோ. இந்தத் தீக்கல் துப்பாக்கியைக் கொடுத்த அன்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை: “எதை வேணும்னாலும் மாத்திக்கோ. பின்குறியை மட்டும் தொடாதே. அது நான் என் கையால வச்சது.” குழலின் மேல், கண்ணுக்கு அருகே, குறிபார்க்க வைத்த அந்தத் தகட்டை நான் தொடவில்லை. தவறு என்னிடம்தான் என்று தெரியும். எந்த இடத்தில் என்பதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
கிளேர்


காட்டன்வுட், அரிசோனா
ஆகஸ்ட் 24

தம்பி கிளேர்,

இருமல் காலையில் மட்டும். மற்ற நேரம் மனிதனாக இருக்கிறேன். இங்கே மழை என்ற சொல்லையே மறந்துவிட்டார்கள்.

நீ முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் நடத்தியவன். துப்பாக்கியும் பாடப்புத்தகம் என்று நினைக்கிறாய். சுட்ட பிறகு முன்னால் நடந்துபோய், குண்டைச் சுற்றியிருந்த துணியைப் புல்லில் தேடி எடு. அது கருகிக் கிழிந்திருந்தால் துணி மெல்லிசு. மெத்தை உறைத் துணி வாங்கி, வெந்நீரில் துவைத்துக் கஞ்சியைப் போக்கு. வெடிமருந்தைக் குறை. ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் குழலைத் துடை. மூன்று சூட்டுக்கு ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். அவ்வளவுதான் வித்தை.

பின்குறி அப்படியே இருக்கட்டும்.

மெர்ல்


காலிட்டன்
செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் காலைகள் எளிதாகட்டும். என் முழங்காலுக்குப் பக்கத்துப் பண்ணை ஓர்ஃபா ஜெனிங்ஸ் ஏதோ குதிரைத் தைலம் கொடுத்திருக்கிறாள். வலி போகவில்லை, ஆனால் அஞ்சல்காரர் தள்ளி நின்று பேசுகிறார்.

நீங்கள் சொன்னது சரி. துணிகளைத் தேடி எடுத்தேன். பூச்சி அரித்த கம்பளிபோல ஒவ்வொன்றிலும் ஓட்டை. துணிக்கடையில் நீலக் கோடு போட்ட மெத்தை உறைத் துணி ஐந்து கெஜம் வாங்கினேன். எத்தனை மெத்தை என்று கடைப்பெண் கேட்டாள். மெத்தையே இல்லை என்றேன். துணியைச் சீக்கிரமாக மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

மருந்தை எண்பது கிரெய்ன் எடையிலிருந்து ஐந்தைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து முறை சுட்டுக் குறித்துக்கொண்டேன். அறுபத்தைந்தில் சிதறல் குறைகிறது. ஆனால் ஐந்தில் ஒன்று எப்போதும் தனியே ஓடிப்போகிறது. தீக்கல்லுக்குக் கீழே இருக்கும் கிண்ணியில் மருந்து பளிச்சென்று எரிகிறது, பிறகு ஒரு யோசனை போல இடைவெளி, அதன்பிறகுதான் வெடிக்கிறது. அந்த இடைவெளியில் நான் என்ன செய்கிறேனோ தெரியவில்லை. மூன்று தீக்கல் மாற்றினேன். நோட்டில் பதினோரு பக்கம் ஆகிவிட்டது. படித்துப் பார்த்தால் ஒரு முட்டாளின் நாட்குறிப்பு மாதிரி இருக்கிறது.

அண்ணிக்கு மேப்பிள் பாகு ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன்.

கிளேர்


காட்டன்வுட்
செப்டம்பர் 20

தம்பி,

பாகு வந்தது. வெர்னா அலமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், எனக்கு இடம் தெரியும்.

இடைவெளிக்குக் காரணம் துவாரம். கிண்ணியிலிருந்து குழலுக்குப் போகும் துவாரத்தை மருந்தால் அடைக்காதே. கிண்ணியில் பாதிக்குக் கீழே போடு, துவாரத்தைக் கம்பியால் குத்திவிடு. நெருப்பு தாவவேண்டும், திரியில் போவதுபோல ஊர்ந்து போகக்கூடாது.

இன்னொன்று. நீ கண்ணை மூடுகிறாய். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நெருப்பு வந்தால் எவனும் மூடுவான். வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்ன வயதில் கொட்டகைக் கதவு அடித்தாலே மேசைக்கு அடியில் போவாயே நீ. மூடுவது தவறில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மூடு. அது போதும்.

மெர்ல்


காலிட்டன்
அக்டோபர் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

இலைகள் எல்லாம் உதிர்ந்து மலை தெரிகிறது. உங்கள் நெஞ்சுக்கு இந்தக் குளிர் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறேன். அங்கே இருப்பதே நல்லது.

துவாரம் சரியாயிற்று. இடைவெளி இல்லை. நேற்று ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. என் உள்ளங்கையை வைத்து மூடிவிடலாம். அந்த உள்ளங்கை, தட்டுக்கு வெளியே, இடப்பக்கம் ஆறு அங்குலம் தள்ளி மேலே இருக்கிறது.

எனக்கு அழுகை வராத குறை. சிதறியபோதாவது இரண்டு உள்ளே விழுந்தன. இப்போது ஒழுங்காகச் சுடுகிறேன், ஒன்றும் விழுவதில்லை.

நீங்கள் சொன்ன கண் விஷயத்தை யோசித்தேன். நான் ஒரே மாதிரி மூடுகிறேன் போலிருக்கிறது. சரிபார்க்க ஓர்ஃபாவை அழைத்தேன். அவளை உங்களுக்குத் தெரியும், பள்ளிப் பேருந்து ஓட்டியவள், இப்போது பக்கத்துப் பண்ணையில் இருக்கிறாள். புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு ஐந்து முறை சுட்டாள். அவளுடைய ஐந்தும் என்னுடைய ஐந்தின் மேலேயே விழுந்தன.

“வாத்தியாரே, இது உங்க கோளாறு இல்ல. துப்பாக்கி கோணல்” என்றாள்.

அது என் அண்ணனுடைய துப்பாக்கி, அதில் அவர் ஒரு தடவைகூடக் குறி தவறியதில்லை என்றேன்.

“அப்போ உங்க அண்ணனும் கோணல்” என்றாள்.

மன்னியுங்கள், அவள் பேச்சு அப்படித்தான். நானும் அவளும் பதினோரு வருடம் ஒரே பேருந்தில் போனவர்கள். இருவருக்கும் ஒரே கெட்ட பழக்கம் தொற்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பேரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

வேறு என்ன பார்க்கலாம்?

கிளேர்


காட்டன்வுட்
அக்டோபர் 30

தம்பி,

பதில் தாமதம். தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்தது, ஆள் வரவில்லை.

ஆறு அங்குலம்தானே. கீழே வலப்பக்கம் ஆறு அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுடு. எத்தனையோ பேர் அப்படித்தான் சுடுகிறார்கள். ஓர்ஃபாவுக்குப் பேருந்தைப் பாலத்துக்கு நேராக ஓட்டவே தெரியாது, அவள் சொல்வதைக் கேட்டு எதையும் கழற்றி வைக்காதே.

இங்கே இன்னும் வெயில்.

மெர்ல்


காலிட்டன்
நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

குழாய் சரியாகியிருக்கும் என்று எண்ணுகிறேன். போன கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கவலையாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி தள்ளிப் பிடித்தும் சுட்டேன். தட்டில் விழுகிறது. ஆனால் தட்டு நகராமல் நிற்கும். மான் திரும்பும், தலையைத் தூக்கும். மானுக்குப் பக்கத்திலிருக்கும் காற்றைப் பார்த்துச் சுட எனக்குத் துணிவு இல்லை அண்ணா. போன வருடம் மானையே பார்த்துச் சுட்டு இப்படி ஆயிற்று.

ஆகவே ஒரு சோதனை செய்தேன். குழலின் வாய்க்கு முன்னால் கட்டிடக்காரரின் தூக்குநூலைத் தொங்கவிட்டேன். ஓர்ஃபா தள்ளி, ஓரமாக நின்று, நூலையும் குழல்வாயையும் என் கண்ணையும் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நான் திரும்பிக்கொள்ள, அவள் கிண்ணியில் மருந்து போடுவாள் அல்லது போடாமல் மூடிவிடுவாள். எது என்று எனக்குத் தெரியாது. நெருப்பு வரும் என்றே நினைத்து விசையை இழுக்கவேண்டும். பயந்து துள்ளுகிறவன் மருந்து இல்லாதபோது அகப்பட்டுக்கொள்வான். பத்து முறை இழுத்தேன். ஆறு முறை மருந்து இல்லை. ஆறு முறையும் வாய் நூலைவிட்டு அசையவில்லை என்றாள்.

“கண்ணு?” என்று கேட்டேன்.

“ஆந்தை மாதிரி முழிச்சிக்கிட்டுதான் இருந்தீங்க. எனக்கே பயமா இருந்துச்சு.”

நம்பவில்லை. மறுநாள் திரும்பவும் செய்தேன். அதே விடைதான்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். பின்குறி குழலில் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். தொடவில்லை, பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் பித்தளை உளி பட்ட தழும்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏதோ சாயம் பூசியிருக்கிறது. யாரோ அதை இடப்பக்கமாகத் தட்டி நகர்த்தியதுபோல இருக்கிறது. குழல்வாய்ப் பக்கம் இருக்கும் முன்குறியின் தலையும் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறது. குடிலில் நான் பார்க்காதபோது யாராவது கை வைத்திருக்கலாம். நான் தவறாகப் பார்த்திருக்கவும் கூடும்.

அதை நகர்த்தலாமா? உங்கள் வார்த்தை இல்லாமல் நகர்த்தமாட்டேன்.

கிளேர்


காலிட்டன்
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு எதுவும் இல்லையே?

இன்று காலை மற்றத் துப்பாக்கிக்காரர்களின் பெரிய மான் பருவம் தொடங்கியது. விடிந்ததிலிருந்து மலையில் சத்தம். நான் வீட்டிலேயே இருந்தேன். லாய்ட் வந்து, பன்றியிறைச்சியும் மாவும் சேர்த்து வறுத்த ஸ்கிராப்பிள் ஒரு தட்டு கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் தீக்கல் பருவத்துக்காவது வருவாயா என்று கேட்டான். தெரியாது என்றேன். “போன வருஷ மானையே இன்னும் நினைச்சிக்கிட்டு இருக்கியா? அது இந்நேரம் நாலு நரிக்குச் சாப்பாடு போட்டிருக்கும், விடு” என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

போன கடிதத்தில் நான் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேன். தழும்பு என்று நான் பார்த்தது பழைய துருவாக இருக்கலாம். உருப்பெருக்கியும் பழையது. நீங்கள் கோபித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். துப்பாக்கியைக் கிறிஸ்துமஸ் அன்று மாட்டிவிடுகிறேன். குற்றம் யாருடையது என்று தெரியாமல் மாட்டுவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. மற்றபடி சரி.

கிளேர்


காட்டன்வுட்
டிசம்பர் 9

அன்புள்ள கிளேர்,

எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலில் சூடு வையுங்கள், தைலத்தை நம்பாதீர்கள்.

நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. அவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை. உங்கள் நவம்பர் கடிதத்தை முற்றத்தில் உட்கார்ந்து படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டும்தான் வீட்டுக்குள் வருகிறார். என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, கிளேர் கணக்கு சரியா போட்டிருக்கான்” என்கிறார். எனக்குப் புரியவில்லை.

பட்டறையில் பித்தளைத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு அரம் போடுகிறார். நேற்றுத் தன் பழைய சிவப்புக் கட்டம் போட்ட வேட்டைச் சட்டை எங்கே என்று கேட்டார். இந்த ஊர் வெயிலில் எதற்கு என்றேன், தானே பெட்டியைத் திறந்து தேட ஆரம்பித்தார். சண்டை ஏதாவது இருந்தால் நீங்களே விட்டுக்கொடுங்கள். அவருக்கு அது தெரியாது.

எங்கள் பேத்தியின் ஞானஸ்நானப் படத்தை இதில் வைத்திருக்கிறேன். எல்லாரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். அவர் மட்டும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். பத்து வருடமாக ஒரு படத்திலும் அவர் கண் திறந்திருந்து நான் பார்க்கவில்லை.

அன்புடன்,
வெர்னா


காட்டன்வுட்
டிசம்பர் 14

கிளேர்,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கிறேன்.

நகர்த்தியது நான்தான்.

1981 பருவத்தில் கிண்ணி மருந்து முகத்தில் அடித்தது. தீக்கல் சில்லு ஒன்று கண்ணுக்குக் கீழே இறங்கியது. மருத்துவர் இடுக்கியால் எடுத்தார். மரக்கிளை குத்தியது என்று வீட்டிலும் குடிலிலும் சொன்னேன். அதிலிருந்து விரல் விசையைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொள்கிறது, தோள் முன்னால் தள்ளுகிறது. குண்டு கீழே வலப்பக்கம் போயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. நேராக்க முடியாத கண்ணை விட்டுவிட்டுக் குறியைக் கோணலாக்கினேன். பின்குறியை இடப்பக்கம் தட்டி, முன்குறியைத் தேய்த்து, தழும்பை அக்ரூட் தோல் சாயத்தால் மறைத்தேன். அதன்பிறகு ஏழு பருவம் அப்படித்தான் சுட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சுட்டவனைத்தான் கிழியாத சட்டைக்காரன் என்று அவர்கள் கூப்பிட்டார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயும் மூடுவாய் என்று நினைத்தேன். கதவுச் சத்தத்துக்கு ஒளிந்தவன், என்னைவிட அதிகமாகவே துள்ளுவான், என் குறி உனக்குப் பொருந்தும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். நீ கண்ணைத் திறந்தே சுடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் நீ மானைப் பற்றி எழுதினாயே, வலப்பக்கம் பார்த்து நின்றது, இடுப்புக்கு மேல் பட்டது என்று. படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தெரியும்.

பின்குறியின் அடியில் என் பழைய கீறல் ஒன்று இருக்கிறது. அதற்கு நேராக வரும்வரை வலப்பக்கம் தட்டு. முன்குறிக்குப் புதுத் தகடு வைத்திருக்கிறேன். இதைச் செய்யத்தான் இத்தனை நாள் ஆயிற்று என்று எழுத நினைத்தேன். இரண்டு நாள் வேலைதான் அது.

கூட இருக்கும் துணியைக் குடிலில் அடித்துவிடு. பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன்.

மெர்ல்


காலிட்டன்
ஜனவரி 6, 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருடம் உங்கள் நெஞ்சுக்கு இதமாக இருக்கட்டும். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, நான்கு நாள் பனியில் உட்கார்ந்ததற்கு அது நியாயம்தான்.

பொட்டலம் இருபத்தொன்றாம் தேதி வந்தது. அன்றே கீறலுக்கு நேராகத் தட்டினேன், தகட்டை மாற்றினேன். ஐம்பது கெஜத்தில் ஐந்து குண்டு, ஐந்தும் தட்டுக்குள். ஓர்ஃபா தட்டைக் கழற்றிக் காற்றில் ஆட்டிக் காட்டினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியைத் துடைத்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணா, எனக்கு உங்கள்மேல் கோபம். இந்த வரியை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தேன். இப்போது அடிக்கப்போவதில்லை. ஐந்து மாதம் என் கையைச் சந்தேகித்தேன், என் கண்ணைச் சந்தேகித்தேன், ஓர்ஃபாவின் கண்ணைக்கூடச் சந்தேகித்தேன். நீங்கள் துணியைப் பற்றி எழுதினீர்கள், துவாரத்தைப் பற்றி எழுதினீர்கள், எல்லாம் சரியாகவே எழுதினீர்கள். ஆகஸ்டில் ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அந்த வரி வந்திருந்தால் ஒரு மான் நல்லபடியாகச் செத்திருக்கும்.

குடிலுக்குப் போனேன். சனிக்கிழமை மதியம், ஊசியிலைக் காட்டு ஓரத்தில், நாற்பத்தைந்து கெஜத்தில் ஒரு பெண்மான். தோளுக்குப் பின்னால், நேராக, எங்கும் தள்ளிப் பிடிக்காமல் சுட்டேன். கிண்ணி நெருப்பு எழும்புவதைப் பார்த்தேன், அதற்குப் பின்னால் மானையும் பார்த்தேன். இருபது அடி ஓடி விழுந்தது. போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது.

அன்று மாலை உங்கள் துணியை எடுத்துச் சுவரில் வைத்தேன். மேசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாய்ட் எழுந்து வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான்.

“மெர்லோட சட்டையா இது? எங்க தவறவிட்டான், கள்ளிச் செடியையா சுட்டான்?”

எல்லாரும் சிரித்தார்கள். “இல்ல. மானைத்தான்” என்றேன்.

“தேதி 1990 டிசம்பர் 28-ன்னு போட்டிருக்கு. அன்னிக்கு அவன் அரிசோனாவுல இருந்தானே. சுட்டது நீ.”

“குறி வச்சது அவர்” என்றேன். அவன் சுத்தியலை எடுத்துக் கொடுத்தான்.

அதே தேதி போட்ட என் வாலைக் கழற்றிவிடச் சொல்லி நீங்கள் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். கழற்றவும் இல்லை. அந்த ஆணியைப் பிடுங்கி, இரண்டையும் ஒன்றாக வைத்து, அதே ஓட்டையில் அடித்தேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு இதில் பழக்கமில்லை. அதற்காக நீங்கள் எழுதாமல் இருக்கவேண்டாம்.

மான் இறைச்சியில் செய்த போலோனா தொத்திறைச்சி ஒரு கட்டு அனுப்புகிறேன். கூடவே மெத்தை உறைத் துணி அரை கெஜம் இருக்கிறது. நீங்கள் வாங்கச் சொன்னதில் மீந்தது. துவைத்துக் கஞ்சி போக்கியதுதான். வெட்டிய சட்டையை அண்ணியிடம் கொடுத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நிறம் பொருந்தாது, பரவாயில்லை. உள்ளே சொருகிக்கொண்டால் தெரியாது.

உங்கள் தம்பி,
கிளேர்